பஞ்சுக்கு வாழைப்பழம்

பங்காளிகளே, போன வாரம் நம் லைன் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்கு அனுப்பிய அந்த வீடியோவை நானும் பார்த்தேன். ஒருத்தன் அனுப்பினால் போதாதா? அடுத்தவன் அனுப்பியதைத் திறந்துகூடப் பார்க்காமல் நீங்களும் அனுப்பி, கீழே கண்ணீர் வடிக்கிற மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறீர்கள். புத்தகத் திருவிழா மேடையில் நம் கவிஞர் நின்று, செத்துப்போன தங்கையைப் பற்றிப் பேசுகிறார். அதிர்ந்து பேசாத பெண் என்கிறார். மூலையில் எரிந்த விளக்கு என்கிறார். பஞ்சைத் தின்று பஞ்சாகவே பறந்துவிட்டாள் என்று முடிக்கிறார். முன்வரிசையில் பனியன் கம்பெனி முதலாளிகள் கைக்குட்டையை எடுக்கிறார்கள். மேடை ஓரத்தில் சால்வையோடு சோளக்காட்டுப் பொம்மை மாதிரி ஒருத்தன் நிற்கிறானே, அது நான்தான். ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை. அழுத கண்ணுக்கு எப்படித் தெரியும்?

அதிர்ந்து பேசாத பெண்ணாம். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அவர் தங்கை, நம் அக்கா, வாயை மூடி நீங்கள் எப்போது பார்த்தீர்கள்?

அதனால்தான் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் தலைமுழுகிய பிறகு, நான் இத்தனை நீளமாக எதையும் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் போய் அந்த வீடியோவையே இன்னொரு தடவை பாருங்கள். பழைய கதை பேசுகிற வயது நமக்கு இன்னும் வரவில்லைதான். ஆனால் பஞ்சுக்குள் வளர்ந்தவனுக்குத் தலை சீக்கிரம் வெளுக்கும்.

திருப்பூர்ப் பக்கம் நெருப்பெரிச்சலில் எங்கள் ஷெட்டை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. அன்றைக்குத் தகரக் கூரைக்குக் கீழே பனியன் துணி பின்னுகிற நாலே நாலு நிட்டிங் மிஷின். பின்னால் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிற லைன் வீடுகள், நடுவில் ஒரு குழாய், ஒரு புளியமரம். எங்கப்பா ஷெட்டுக்கும் முதலாளி, வீடுகளுக்கும் முதலாளி, புளியங்காய்க்கும் முதலாளி. கடைசி விஷயத்தில்தான் உங்களுக்கும் அவருக்கும் பகை.

மூணாம் நம்பர் வீட்டுக்கு அந்தக் குடும்பம் தெற்கே கரிசல் காட்டுப் பக்கமிருந்து வந்தது. அப்பா இல்லை. அம்மாவும் மகனும் மகளும். மகன், அதாவது நம் கவிஞர், காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். வேலையும் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சந்திக்கவே இல்லை. ஜன்னல் ஓரமாகக் கட்டிலில் சாய்ந்து எதையாவது எழுதிக்கொண்டிருப்பார். அவர் அம்மா ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போனார். அக்கா எங்கள் ஷெட்டில் சேர்ந்தாள். கோன்களில் மிச்சம் கிடக்கிற நூலையெல்லாம் ஒன்று சேர்த்துப் புதுக் கோனில் சுற்றுகிற வேலை. ஷெட்டிலேயே பஞ்சு அதிகம் பறக்கிற மூலை அதுதான்.

சாயங்காலம் அவள் வெளியே வரும்போது பார்த்திருக்கிறீர்களே. தலை, புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளை. குழாயடியில் கழுவுவதற்கு முன்னால் முதுகை வளைத்து, கையில் இல்லாத கோலை ஊன்றிக்கொண்டு, "ஏலே பேராண்டி, கிழவிக்கு ஒரு மாப்ளை பாத்துத் தாங்கலே" என்று நம்மைத் துரத்துவாள். பத்தொன்பது வயசுக் கிழவி.

நூல் தீர்ந்த காகிதக் கோன் ஒன்று எப்போதும் அவள் கையில் இருக்கும். நுனியில் பச்சைச் சாயம் அடித்த கோன். அதன் சின்ன வாயை உதட்டில் வைத்தால் அது மைக். திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் பெண்மணியே வந்து புளியமரத்தடியில் நின்ற மாதிரி ஒரு குரல் வரும். பயணிகளின் கனிவான கவனத்திற்கு, மூன்றாம் நம்பர் வீட்டில் ஒரு கவிஞர் பல் விளக்காமல் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார், அவருடைய ரசிகைகள் யாராவது இருந்தால் உடனே வந்து அழைத்துச் செல்லவும். பயணிகளின் கனிவான கவனத்திற்கு, ஷெட் ஓனர் புளியமரத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறார், மரத்தில் இருப்பவர்கள் இறங்கவும். பட்டங்களும் விருதுகளும் இன்றைக்கு வந்து குவியலாம். அவரைக் கவிஞர் என்று முதல் முதலாகக் கூப்பிட்டது அந்தக் கோன்தான். கேலிக்குக் கூப்பிட்டது. அவரும் ஜன்னல் வழியாகச் செருப்பைத் தூக்கி வீசுவார். செருப்பு நம்மில் ஒருத்தன் மேல் விழும்.

அவளுக்கு அப்போதே இருமல் இருந்தது. ஷெட்டில் யாருக்குத்தான் இல்லை? பஞ்சு இருமலுக்கு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் உண்டு. காலையில் ஒரு துண்டு வெல்லம், சாயங்காலம் ஒரு வாழைப்பழம். வெல்லம் தொண்டையில் இருக்கிற பஞ்சை அறுக்கும், பழம் வயிற்றுக்கு இறக்கிவிடும். எந்த டாக்டர் சொன்னார் என்று யாரும் கேட்டதில்லை. எங்கம்மா ஷெட் வாசல் விட்டத்தில் எந்நேரமும் ஒரு வாழைத்தார் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். அக்கா இருமுவது அதிகமானபோது, எங்கம்மா அவளுக்கு மட்டும் இரண்டு பழமாக்கினாள். பிறகு மூன்று. "தின்னு அம்மிணி, எல்லாம் எறங்கீரும்" என்று பக்கத்தில் நின்று பார்ப்பாள். எங்கம்மாவின் தாராளத்தில் குறை சொல்ல முடியாது. அவள் தலை மறைந்ததும் அக்கா பழத்தைப் பாதிப் பாதியாக உடைத்து நமக்குக் கொடுத்துவிடுவாள். அவளுக்குப் பழத்தைக் கண்டாலே குமட்டும். அந்தப் பழம் மருந்தாக இருந்திருந்தால் நாமெல்லாம் கொலைகாரர்கள். நல்ல வேளை, அது வெறும் வாழைப்பழம்.

அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் ஞாபகம் இருக்கிறதா? சர்ச்சிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். தாத்தா வேஷம் போடுகிற பையன் ஊருக்குப் போய்விட்டான். அக்கா, நான்தான் தாத்தா என்று நின்றுவிட்டாள். பொம்பளைப் பிள்ளை தாத்தாவாகக் கூடாது என்று அவள் அம்மா சண்டை பிடித்தார். பொம்பளைக்கு நரைக்காதா என்று இவள் கேட்டாள். அஞ்சாம் நம்பர் வீட்டுச் சிவப்பு நைட்டியை மாட்டிக்கொண்டாள். தாடிக்கு என்ன செய்வது? ஷெட்டில் மிஷினுக்குக் கீழே கூட்டி அள்ளினால் தாடி. மைதாப் பசையில் முகமெல்லாம் பஞ்சை ஒட்டிக்கொண்டு, வயிற்றில் தலையணை கட்டி, புளியமரத்தடியில் வந்து ஆடினாள்.

ஆடி நின்றதும் இருமல் வந்தது. தாடியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, முழங்காலில் கை ஊன்றி இருமினாள். அசல் கிழவன் இருமல். எங்கப்பா நாற்காலியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். நாமெல்லாம் கத்தினோம், தாத்தா இன்னொருக்கா, தாத்தா இன்னொருக்கா என்று. அவள் நிமிர்ந்து நம்மைப் பார்த்து, கண்ணில் தண்ணீரோடு சிரித்து, இன்னொரு தடவை இருமினாள். கை தட்டினோம். அது நடிப்பா நிஜமா என்று அவளுக்கே கொஞ்ச நேரம் குழம்பியிருக்கும்.

பொங்கல் கழிந்ததும் கவிஞருக்கு இருமல் வந்தது.

வீடே கலங்கிவிட்டது. படித்த பிள்ளை, ஷெட் வாசலைக்கூட மிதிக்காத பிள்ளை, அவனுக்கு ஏன் இருமல்? பஞ்சுக்குப் போகாதவனுக்கு இருமல் வந்தால் அது நோய். பஞ்சுக்குப் போகிறவளுக்கு வந்தால் அது வேலை. இது நம் ஊர்ச் சட்டம், யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் அம்மா எங்கப்பாவிடம் வந்து அழுதார். எங்கப்பா மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து அவினாசிக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். நெஞ்சில் டி.பி. என்று சொன்னார்கள். ஆறு மாதம் மாத்திரை, கவர்மெண்ட்டே சும்மா கொடுக்கும், ஒழுங்காகத் தின்றால் சரியாகிவிடும் என்றார்கள். லைன் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்க, நெஞ்சுச் சளி என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தார்கள்.

மாத்திரைகளை மூணாம் நம்பர் வீட்டு அலமாரியில், மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கவிஞருக்குத் தினம் முட்டை, பால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப். வேலை முடிந்து வந்து அந்தச் சூப்பை வைத்தது அக்கா. பஞ்சுத் தலையோடு அடுப்பு ஊதுவாள், இருமுவாள், மறுபடி ஊதுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குள் சட்டியில் மிச்சமிருந்த எலும்புக்காக உட்கார்ந்திருந்தேன். கவிஞர் அம்மா அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"எம்மா, அதுல எனக்கும் ஒண்ணு தாயேன்."

"கோட்டி புடிச்சிட்டாட்டி ஒனக்கு? இது அவன் நோவுக்குள்ளது. ஒனக்கு வெறும் பஞ்சு. இல்லாத நோவுக்கு மாத்திரை தின்னா கொடலு வெந்துரும்."

கவிஞர் வாயில் தண்ணீரோடு சிரித்தார். விழுங்கிவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, இருமல்ல கூட எனக்குப் போட்டியா?"

அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், எனக்குச் சிரிக்கக் காரணம் எப்போதும் தேவைப்பட்டதில்லை. கையை நீட்டினால் எட்டுகிற அலமாரி அது. அவள் கை சட்டியைத்தான் இறக்கியது. அவர்கள் அவளை வெறுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள் பங்காளிகளே. அந்த வீட்டில் அவள்தான் செல்லம். அவள் இல்லாமல் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள்.

கவிஞரின் கன்னத்தில் சதை ஏறியது. அக்காவின் அறிவிப்புகள் சுருங்கின. முதலில் அதிலிருந்து ரசிகைகள் போனார்கள், பிறகு ஷெட் ஓனர் போனார். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று சொல்லி மூச்சு வாங்குவாள், பிறகு இருமல் வரும். வண்டி வரவே வராது. நாம்தான் மரத்தில் உட்கார்ந்து, வண்டி லேட், வண்டி லேட் என்று கத்துவோம். அவள் கோனை நம் மேல் எறிவாள்.

மாசி மாதத்தில் துணி வாங்குகிற பார்ட்டியிடமிருந்து எங்கள் துணி திரும்பி வந்தது. வெள்ளைத் துணி ரோலில் அங்கங்கே பழுப்புப் பொட்டு. எங்கப்பா ரோலைத் தரையில் விரித்துப் போட்டு முட்டி போட்டுக்கொண்டு பார்த்தார். மிஷின் ஆயில் இல்லை, ஆயில் கறை அவருக்குத் தெரியும். துரு இல்லை. முகர்ந்து பார்த்தார். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்: எவனோ வெற்றிலை பாக்கு போட்டு நூல் பக்கம் துப்புகிறான். மிஷின்காரர்களில் ஒருவர், பாவம், வாய் நிறையச் சிவப்போடு அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். அவருக்குக் கிடைத்த வசவில் அவர் வெற்றிலையையே விட்டுவிட்டார். இன்றைக்கும் எங்கள் ஷெட்டில் வெற்றிலை பாக்கு போடக் கூடாது என்று போர்டு தொங்குகிறது. எதற்காக மாட்டியது என்று எங்கப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அக்கா தன் மூலையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எங்கம்மாதான் முதலில் பயந்தாள். பயந்து பழத்தை மாற்றினாள். பூவன் சரியில்லை, செவ்வாழைதான் பஞ்சை இழுக்கும் என்று யாரோ சொன்னார்களாம். பெருமாநல்லூர்ச் சந்தையில் செவ்வாழை வாங்கி வந்தாள். அக்கா அதையும் பாதியாக உடைத்தாள். ஆனால் கொடுப்பதற்கு நம்மைக் கூப்பிடக் குரல் வரவில்லை. பழத்தைத் தூக்கிக் காட்டுவாள், நாம் ஓடுவோம்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் கோன்களுக்கு மேலேயே சாய்ந்துவிட்டாள். எங்கள் ஆம்னி வேனில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எங்கம்மா கூடப் போனாள், பிறகு என்ன நடந்தது என்பதை எங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர் சொன்னாராம். வீட்டில் வேறு யாருக்காவது இருமல் இருந்ததா என்று கேட்டாராம். கவிஞர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனுக்கு இருந்துச்சு அய்யா, மாத்திரை திங்கான், இப்ப நல்லாருக்கான் என்று சொன்னாராம். என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்க, அடையாளத்துக்குப் பையில் வைத்திருந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாராம். டாக்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரத்திலேயே முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் நாமெல்லாம் வரிசையாக நின்றோம், பள்ளிக்கூட யூனிஃபார்மில். மூடுவதற்கு முன்னால் கவிஞர் குனிந்து, அவள் காதோரத்தில் ஒட்டியிருந்த ஒரு துணுக்குப் பஞ்சை எடுத்தார். அத்தனை தடவை கழுவியும் போகாத பஞ்சு. அதை விரலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பஞ்சுதான் பிறகு புத்தகமாயிற்று, விருதாயிற்று, பாடத்தில்கூட வரப்போகிறதாம்.

அவர்கள் வீட்டைக் காலி செய்து போனார்கள். பச்சை நுனிக் கோன் புளியமரத்துக் கிளை இடுக்கில் செருகி இருந்தது. மழையில் ஊறி, கூழாகி, ஒரு நாள் காணாமல் போனது. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் கோன். ஊதிப் பார்த்திருக்கிறேன், குரல் நன்றாக வராது.

எங்கப்பாவுக்கு இப்போது மூச்சு இழுக்கிறது. ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போன வருஷம் அவருக்கு நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்த அன்று, அந்தப் படத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தபடி, கேட்காமலேயே சொன்னார்.

"அன்னைக்கு அவினாசி டாக்டரு, ஊட்ல இருக்கற எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்கன்னுதான் சாமி சொன்னாரு. நாந்தான், அந்த அம்மிணிக்கு வெறும் பஞ்சுங்க, நம்ம ஷெட்லதான் இருக்குதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

பிறகு காப்பி கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன்.

இனி அந்த வீடியோ. புத்தகத் திருவிழாவுக்குப் பேனர் அடிக்க நான் உதவினேன் என்று மேடையேற்றி, கவிஞருக்குச் சால்வை போடச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பு ஃபெயிலுக்குக் கிடைத்த பெரிய மரியாதை. அவர் பேசி முடித்ததும் போட்டேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து, மேடைக்குப் பின்னால் வந்தபோது நான் போய்ச் சொன்னேன், லைன் வீட்டு ஓனர் பையன் என்று. அவர் முகம் மாறியது. என் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவைக் கேட்டார், புளியமரத்தைக் கேட்டார். நீங்கள் பேசியது தப்பு, அவள் வாயாடி என்று சொல்லத்தான் நான் போனேன். சொல்ல விடாமல் அவர் கேட்டார்.

"அவ குரல் ஒனக்கு ஞாபகம் இருக்காடே? எனக்கு மறந்துட்டு. மொகம் இருக்கு. குரல் வரமாட்டேங்கு."

எனக்கு ஞாபகம் இருந்தது. உங்களுக்குத் தெரியுமே, ஒருவர் குரலை ஒரு தடவை கேட்டால் போதும், நான் பேசிக் காட்டிவிடுவேன். கணக்கு வாத்தியார் அதற்காகவே என்னை அடித்தார். கையைக் கோன் மாதிரி சுருட்டி வாயில் வைத்தேன். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பித்தேன். அவள் குரலேதான் வந்தது. கவிஞர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து ரசிகைகளைச் சொல்ல வேண்டும், பல் விளக்காத காப்பியைச் சொல்ல வேண்டும். வார்த்தை தெரியும். ஆனால் குரல், கடைசியில் அவள் குரல் அந்த இடத்தில் போன வழிக்குத்தான் போனது. மூச்சு வாங்கியது. இருமினேன். குனிந்து, முழங்காலில் கை ஊன்றி இருமினேன். நிமிர்ந்தபோது அவர் கண்ணைத் திறந்திருந்தார்.

"இதான்," என்றார். பிறகு, "இன்னொரு தடவை," என்றார்.

இருமினேன்.

புத்தகக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்த விழாக்காரர் ஒருவர், நம் ஊர்க்காரர், நின்று என்னைப் பார்த்தார். நான் நிட்டிங் ஷெட்காரன் என்று அவருக்குத் தெரியும். விருந்தினர்களுக்கு வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினார்.

"ஏனுங்க, பஞ்சுங்களா? இதைச் சாப்புடுங்க, எறங்கீரும்."

அந்தப் பழத்தைக் கவிஞர்தான் கை நீட்டி வாங்கினார். உரித்தார். நடுவில் உடைத்து, பாதியை என்னிடம் கொடுத்தார். அங்கேயே நின்றபடி இரண்டு பேரும் தின்றோம்.

வீடியோவில் அது இல்லை பங்காளிகளே. வீடியோ கைதட்டலோடு முடிந்துவிடுகிறது.